சார்ஜாவில் ஒன்பது மணி நேரம்

திபிலிசியில் ஏறும்போது போட்ட ஸ்வெட்டரை
சார்ஜாவில் இறங்கிய பின்னும் கழற்ற மறுக்கிறான் ஜெபின்.
கழற்றினால் லீவு முடிந்துவிடுமாம்.

மலிவான டிக்கெட் என்றால்
நள்ளிரவு தாண்டிய இரும்பு நாற்காலி.
ஆறிப்போன சமோசா.
சார்ஜர் குத்த ஒரு துளை தேடி
தூண் தூணாகச் சுற்றிவரும் ஐசக்.
ஒலிபெருக்கியில் எந்தெந்த ஊரோ அழைக்கப்படுகிறது,
நாங்கள் போகவேண்டிய ஊர் தவிர.

பக்கத்து கேட்டில் திருவனந்தபுரம் விமானம்.
கயிறு இறுக்கிக் கட்டிய போர்வைப் பொதிகள்,
பால்பவுடர் டின்கள்,
முகச்சவரம் செய்து
பளபளவென்று உட்கார்ந்திருக்கும் ஆண்கள்.
அவர்களில் ஒருவர் என் தமிழைக் கேட்டுவிட்டார்.

"அக்கா, எங்கே?"
மார்த்தாண்டம் என்றேன்.
"ஐயோ, நான் கருங்கல்லாக்கும்!"
பேர் ஞானதாஸ். அஜ்மானில் ஷட்டரிங் வேலை.
ரெண்டு வருஷம் எட்டு மாசம்.
கைவிரல் நகத்தில் இன்னும் சிமெண்ட்.
"ஊருக்குத்தானே?"

பனிமலையில் எடுத்த நானூறு படங்கள்
என் கைப்பையில் இருந்தன.
ஸ்டாக் எடுக்கும் மாசம், லீவு கிடையாது என்று
அம்மாவிடம் சொன்ன பொய்யும் அங்கேதான் இருந்தது.
தூக்கமும் சேர்ந்துகொண்டது.
"ஆமா" என்றேன்.

ஒரு சொல்தான்.
அதற்குப் பிறகு அவர் எங்களைத் தன் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்.
இறங்கினதும் களியக்காவிளை வழியாக வண்டி இருக்கிறது,
ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்றார்.
மகள் பத்தாவதில் எடுத்த மார்க்கை
ஒவ்வொரு பாடமாகச் சொன்னார்.
கணக்கில் தொண்ணூற்றெட்டு.
சமூக அறிவியலை மட்டும் வேகமாகத் தாண்டினார்.
ஜெபின் அவருக்கு ஒரு சுர்ச்கேலா கொடுத்தான்,
நூலில் கோத்து திராட்சைச் சாற்றில் முக்கிய வால்நட்.
அவர் மெழுகுவர்த்தி என்று நினைத்து
வேளாங்கண்ணியில் ஏற்றுகிறேன் என்றார்.
நான் திருத்தவில்லை.
அன்றைக்கு நான் எதையும் திருத்துவதாக இல்லை.

மூணரைக்கு மஸ்கட் என்று பலகை மாறியது.
கண்ணால் காட்டினேன் ஐசக்கிடம்.
பாத்ரூம் போகிறவர்கள்போல் எழுந்தோம்,
பைகளோடு.

வரிசையில் எனக்கு முன்னால் நாலே பேர்.
பின்னால் செருப்பு அடிக்கும் ஓட்டம்.
"அக்கா! அக்கா!
அது மஸ்கட்டுக்குப் போறது!
நம்ம கேட்டு இந்தப் பக்கம்!"
மூச்சு வாங்க நின்று
என் டிராலியின் கைப்பிடியை அவர் பிடித்துக்கொண்டார்,
கிணற்றடியில் குழந்தையைப் பிடிப்பதுபோல.

மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது.
ஐசக் தரையைப் பார்த்தான்.
ஜெபின்தான் சொன்னான், சத்தமாக, பெருமையாக:
"அங்கிள், எங்க வீடு மஸ்கட்லதான்."

ஞானதாஸ் என்னைப் பார்த்தார்.
கோபமாக இருந்திருந்தால் தேவலை.
"அப்படியா மக்கா" என்றார் அவனிடம்.
டிராலியை விட்டார்.
விட்டபின் அதை லேசாக முன்னே தள்ளியும் விட்டார்.

மஸ்கட்டுக்கு ஒரு மணி நேரம்தான்.
பெல்ட் விளக்கு அணைவதற்குள் மறுபடி எரிந்தது.
கீழே மலைகள், விடியலில் சாம்பல் நிறம்,
ஒரு பச்சை இல்லை.
ஜெபின் கண்ணாடியில் மூக்கை அழுத்தி
"நம்ம மலை" என்றான்.

ருவியில் மூன்றாவது மாடி.
பத்து நாள் பூட்டிக்கிடந்த வீட்டின் வெக்கை
கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது.
குளிர்ந்த நீர்க் குழாயில் வெந்நீர்.
அவன் ஸ்வெட்டரோடு ஏ.சி.க்கு அடியில் போய்ப் படுத்தான்.
ஐசக் ரெசிடென்ட் கார்டுகளை அலமாரியில் வைக்கும்போது
தேதியை ஒருமுறை பார்த்துக்கொண்டான். எப்போதும் பார்ப்பான்.

போன் அடித்தது.
இங்கே ஐந்தரை, ஊரில் ஏழு.
"மக்கா, ஸ்டாக் எடுத்து முடிஞ்சா?
எங்கே இருக்கே?"

அவர் இப்போது கடலுக்கு மேலே இருப்பார்.
அந்த வண்டிக்கு முழுப் பணமும் அவரேதான் கொடுக்கவேண்டும்.

"இப்பதான் அம்மா,
வீட்டுக்கு வந்தேன்."